கடை வளாகத்துக்குக் கடைக்கால்: மண் பரிசோதனையிலிருந்து பிளிந்த் பீம் வரை

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் வணிகக் கட்டடம் கட்ட மனை வாங்கியவர் முதலில் கேட்பது, கடைக்கால் எத்தனை அடி ஆழம் போட வேண்டும் என்பதைத்தான். பக்கத்தில் ஐந்தடி போட்டிருக்கிறார்கள், நமக்கும் ஐந்தடி போதும் என்று மேஸ்திரியும் உடனே பதில் சொல்லிவிடுவார். ஆனால் இந்த வட்டாரத்தில் ஒரு மனையில் நாலடியிலேயே சுண்ணாம்புக் கட்டி கலந்த கெட்டியான சுக்கான் மண் தட்டுப்படும்; அதே தெருவில் நாலு மனை தள்ளிப் பத்தடி வரை கரிசலாகவே போகும். ஆகவே ஆழத்தையும் அகலத்தையும் உங்கள் மனையின் மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தோண்டிய பள்ளத்தின் அடியை நேரில் பார்த்து அந்த முடிவை உறுதி செய்யவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் செய்ய வேண்டிய வேலைகளை, முதன்முறையாகக் கட்டப் போகும் உரிமையாளருக்கும் தளத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளருக்கும் பயன்படும்படி வரிசையாகச் சொல்கிறேன். தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட, 5 மீட்டர் இடைவெளியில் தூண்கள் நிற்கும் ஒரு கடை வளாகத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

பத்திரத்தைப் படியுங்கள், மனையைச் சுற்றி நடங்கள்

மண்ணைத் தோண்டும் முன் தாய்ப்பத்திரத்தை ஒரு முறை படிக்க வேண்டும். இங்கே இன்றைய மனைகளில் பெரும்பாலானவை நேற்றைய தோட்டங்கள். கிணற்றில் பாத்தியம், வாய்க்கால் வழி நீர்ப் பாத்தியம் என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால், அந்தக் கிணறு எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். மனைப் பிரிவு போடும்போது பழைய கிணற்றில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேலே செம்மண் பரப்பிச் சமப்படுத்தியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புல வரைபடத்தையும் ஊரில் வயதான இரண்டு பேரையும் விசாரித்தால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். மூடிய கிணற்றின் மேல் ஒரு தூண் விழுமானால், கட்டமைப்புப் பொறியாளர் அதை இடம் மாற்றவோ, கிணற்றைத் தாண்டி உத்தரம் கொடுக்கவோ வரைபட நிலையிலேயே வழி காண்பார். தூண் எழுந்த பிறகு தெரிந்தால் செலவு பல மடங்காகும்.

அடுத்து, திட்ட அனுமதி கையில் வந்த பிறகே குழி தோண்டத் தொடங்குங்கள். பக்கவாட்டு இடைவெளி ஒரு மீட்டர் மாறினாலும் தூண் வரிசை முழுவதும் மாறிவிடும்.

மண் பரிசோதனை

சுமார் ஓர் ஏக்கர், அதாவது 0.4 ஹெக்டேர் மனைக்கு, நான்கு மூலைகளில் ஒவ்வொன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து துளைகள் போதும் என்பது இந்தியத் தர நிர்ணய வழிகாட்டுதல். சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒன்றே போதும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. என்னைக் கேட்டால், கரிசல் நிலத்தில் எவ்வளவு சிறிய கடை வளாகமானாலும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகளாவது போட வேண்டும். ஒரு துளையை மிச்சம் பிடிப்பதால் கிடைக்கும் பணம் மொத்தச் செலவில் ஒரு பொருட்டே அல்ல.

துளை போடுபவர்கள் குறிப்பிட்ட ஆழங்களில் ஒரு குழாய் முனையை மண்ணில் அடித்து இறக்குவார்கள். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். அறிக்கையில் 'என்' மதிப்பு என்று வருவது இந்த எண்ணிக்கைதான். வேலை நடக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ அருகில் நின்று எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது நல்லது. கோடையில் காய்ந்து இறுகிய கரிசல் இந்த எண்ணிக்கையைக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐப்பசி மழையில் ஊறிய பிறகு அதே மண்ணின் பலம் வேறு. ஆகையால் அறிக்கையில் நிலத்தடி நீர் மட்டமும், துளை போட்ட மாதமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கரிசல் மண்ணுக்கு வீக்கச் சோதனையையும் கேட்டு வாங்க வேண்டும். உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராமை ஒரு கண்ணாடி உருளையில் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. அதில் மண் 10 மில்லி அளவில் படிந்து, தண்ணீரில் 18 மில்லி வரை உப்பியிருந்தால் வீக்கம் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டிய எந்த மண்ணிலும், கட்டடத்தைத் தாங்குமா என்ற கேள்வியோடு கட்டடத்தைத் தூக்குமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உள்ள சல்பேட், குளோரைடு அளவும் அறிக்கையில் இருக்கட்டும். நொய்யல் கரையோரம் சாயக்கழிவு கலந்த நிலத்தடி நீர் உள்ள ஊர்களிலும், தூத்துக்குடி போன்ற கடலோரத்திலும் சிமெண்டின் வகையையே இந்த எண்கள்தான் முடிவு செய்யும்.

பாரமும் மண்ணும் சேர்ந்து தரும் அளவு

வீட்டுத் தளத்துக்குப் பொறியாளர் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் பயன்பாட்டுப் பாரம் எடுப்பார். சில்லறைக் கடைக்கு அது 400 கிலோ. மொத்த வியாபாரக் கடைக்குக் குறைந்தது 600 கிலோ. துணிக்கடை என்று சொல்லி வரைபடம் வாங்கிவிட்டுப் பிறகு மாடியை நூல் மூட்டைக் கிடங்காக வாடகைக்கு விடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. வாடகைக்கு யார் வருவார் என்பதை முன்பே யோசித்துப் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காலைப் பின்னால் பெரிதாக்குவது மிகவும் சிரமம்.

இப்போது எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். நடுவில் நிற்கும் ஒரு தூண் ஒவ்வொரு தளத்திலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர் பரப்பைத் தாங்குகிறது. மூன்று தளங்களுக்கு 75 சதுர மீட்டர். தளத்தின் சொந்த எடை, சுவர், பயன்பாட்டுப் பாரம் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1.2 டன் என்று தோராயமாகக் கொண்டால் தூணுக்கு 90 டன் வருகிறது. தூணின் அடியில் பாரத்தை மண்ணில் பரப்பும் கான்கிரீட் பலகையான ஃபுட்டிங்கின் எடைக்காகப் பத்து சதவீதம் கூட்டினால் 99 டன். மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 25 டன் என்றால், 2 மீட்டருக்கு 2 மீட்டர் ஃபுட்டிங் போதும். அது 15 டன் என்றால் பக்கத்துக்கு 2.6 மீட்டர் வேண்டும். 8 டன்தான் என்றால் பக்கத்துக்குச் சுமார் 3.5 மீட்டர் ஆகி, மனையின் பாதிப் பரப்பை ஃபுட்டிங்குகளே பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் தனித்தனி ஃபுட்டிங்கை விட்டுவிட்டு, கட்டடம் முழுவதற்கும் ஒரே பலகையாக ராஃப்ட் போடலாமா அல்லது ஆழத்துக்கு இறங்கும் கான்கிரீட் கம்பமான பைல் இறக்கலாமா என்று பார்க்க வேண்டும். உண்மையான வடிவமைப்பைப் பொறியாளரே செய்வார். தாங்குதிறன் பாதியானால் பரப்பு இரட்டிப்பாகிறது என்பதை உரிமையாளர் உணர்ந்திருந்தால் மண் பரிசோதனைக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்.

கரிசலில் இன்னொரு தொல்லை உண்டு. மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும் இந்த மண்ணில், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழம் சுமார் மூன்றரை மீட்டர் வரை போகும் என்பது பொதுவான கணக்கு. சுக்கானோ சிதைந்த பாறையோ இரண்டு மீட்டருக்குள் கிடைத்தால், கரிசல் முழுவதையும் கடந்து ஃபுட்டிங்கை அதன் மேல் வைப்பதே சிக்கனமான வழி. ஆழத்தில்தான் கெட்டித்தரை என்றால் அண்டர் ரீம்டு பைல் பொருத்தமாக இருக்கும். துளையின் அடிப்பகுதியைக் குமிழ் போல அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்பும் இந்த முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசல் நிலங்களுக்காக வளர்த்தெடுத்தது. தண்டின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் குமிழின் விட்டம் வழக்கமாக 75 சென்டிமீட்டர் இருக்கும். மேல்மண் வீங்கித் தூக்கினாலும் அடியிலுள்ள குமிழ் கட்டடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தம் செய்தலும் நூல் கட்டுதலும்

புல், வேர், குப்பை கலந்த மேல்மண்ணை 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை வழித்தெடுத்துத் தனியே குவியுங்கள். அதைப் பிற்பாடு கடைக்காலுக்குள் நிரப்பக் கூடாது. வேப்பமரமோ சீமைக்கருவேலமோ நின்ற இடத்தில் வேர்க்கட்டையை முழுவதும் தோண்டி எடுக்க வேண்டும்.

மூலைமட்டத்துக்கு 3-4-5 கணக்குப் போதும். பெரிய மனையில் அதையே 6, 8, 10 மீட்டராக எடுத்தால் பிழை குறையும். எல்லாம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மையக்கோட்டு முளைகளைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடித்துக் கான்கிரீட் இட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஜேசிபி முதல் நாளே அவற்றைப் பெயர்த்துவிடும். மட்டத்துக்கு அடிப்படையாக, அசையாத ஓர் இடத்தில், எதிர்வீட்டு மதில் மேலோ மின்கம்பத்தின் அடிக்கட்டிலோ, வண்ணத்தால் ஒரு குறி வையுங்கள். எல்லா ஆழமும் அந்தக் குறியிலிருந்தே அளக்கப்பட வேண்டும். தரை மேடுபள்ளமாக இருப்பதால் தரையிலிருந்து அளப்பது ஏமாற்றும்.

இந்தக் கட்டத்திலேயே தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, லிஃப்ட் குழி மூன்றையும் தரையில் குறித்துவிடுங்கள். தூண்கள் எழுந்த பிறகு ஃபுட்டிங்கை ஒட்டி அதைவிட ஆழமாகத் தொட்டி தோண்டுவது நம் ஊர்க் கடை வளாகங்களில் அடிக்கடி காணும் ஆபத்து. பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு ஆழத்தில் உள்ள இரண்டு அடித்தளங்களுக்கு இடையில், ஒரு மீட்டர் ஆழ வித்தியாசத்துக்கு இரண்டு மீட்டர் கிடைத்தூரம் என்ற அளவை மண் தரையில் பொதுவாகக் கடைப்பிடிக்கலாம். அந்த இடைவெளி கிடைக்காதென்றால் ஆழமானதை முதலில் கட்டி முடியுங்கள்.

வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்டுதல்

தை முதல் வைகாசிக்குள் பள்ள வேலையை முடித்துவிடுவது உத்தமம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரி அருகே கட்டடத்துக்காகத் தோண்டப்பட்டிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தில் மண் சரிந்து இருவர் உயிரிழந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆறடிப் பள்ளமும் ஆளைக் கொல்லும். ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், அல்லது பலகையும் முட்டும் கொடுங்கள். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் ஆழத்தில் பாதியளவாவது தள்ள வேண்டும். ஏறி இறங்க ஏணி எப்போதும் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் சுவரை ஒட்டி ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டக் கூடாது. ஒன்று விட்டு ஒரு குழியாகத் தோண்டி, முதல் வரிசையில் கான்கிரீட் போட்டு மண் நிரப்பிய பிறகே இடைக்குழிகளைத் தொட வேண்டும்.

பள்ளத்தின் அடித்தரை

இந்த வேலையிலேயே மிக முக்கியமான அரைமணி நேரம் இதுதான். மிக அவசரமாகக் கடக்கப்படுவதும் இதுதான். ஜேசிபியின் பல் பட்ட இடத்தில் மண் கலைந்து கிடக்கும். ஆகவே கடைசி 15 சென்டிமீட்டரை இயந்திரத்துக்கு விடாமல் கடப்பாரை, மண்வெட்டி கொண்டு ஆள் வைத்து எடுத்துக் கெட்டித்தரை வரை வழித்துவிட வேண்டும்.

பிறகு பள்ளத்துக்குள் இறங்குங்கள். ஒரு 12 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் நான்கு மூலையிலும் நடுவிலும் அழுத்திப் பாருங்கள். சுக்கான் தரையில் கம்பி விரற்கடையளவுகூட இறங்காமல் 'டங்' என்று நிற்கும். ஓரிடத்தில் மட்டும் சட்டென்று இறங்கினால் அங்கே பழைய குழியோ எலி வளையோ வேரோ இருக்கிறது என்று பொருள். மண்ணின் நிறத்தைப் பாருங்கள்: வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி கலந்த மஞ்சள்பழுப்பு மண், அறிக்கையில் சொன்ன ஆழத்தில் வந்திருக்கிறதா? ஒரு பாதி சுக்கானும் மறுபாதி கரிசலுமாக இருக்கும் குழியை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் அசையாமல் நிற்க, மறுபக்கம் அமுங்கும். கரிசல் உள்ள பக்கத்தை இன்னும் தோண்டிச் சுக்கானைத் தொட வேண்டும். அப்படிக் கூடுதலாகப் போன ஆழத்தை மண்ணால் நிரப்பாமல் மெலிந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள்.

அடித்தரை துப்புரவானதும் அன்றே பி.சி.சி., அதாவது கம்பியில்லாத அடிக் கான்கிரீட், போட்டுவிட வேண்டும். இரவு ஒரு மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால், மறுநாள் தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது. ஊறிச் சேறான மேல்படலத்தையும் வழித்தெடுக்க வேண்டும். சேற்றின் மேல் ஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டால் இறுகிவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒவ்வொரு குழியின் இறுதி ஆழத்தையும் மண் வகையையும் தூண் எண்ணுக்கு நேராக எழுதி, பொறியாளரின் கையெழுத்தை வாங்கி, அளவுகோல் தெரியும்படி ஒரு படமும் எடுத்து வையுங்கள். கரையான் மருந்து தெளிப்பதாக இருந்தால் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை என்ற அளவில் இப்போதே தெளிக்க வேண்டும். மழை ஈரம் உள்ள மண்ணில் மருந்து இறங்காது.

பி.சி.சி., கம்பி, கான்கிரீட்

பி.சி.சி. 75 முதல் 100 மில்லிமீட்டர் கனமும், ஃபுட்டிங்கைவிடச் சுற்றிலும் 100 மில்லிமீட்டர் அகலமும் இருக்கட்டும். மறுநாள் அதன் மேல் மையக்கோட்டைச் சுண்ணாம்பு நூலால் அடித்துத் தூணின் இடத்தைக் குறித்துவிட்டுத்தான் கம்பி வலையை வைக்க வேண்டும்.

வலைக்கு அடியில், கம்பியைத் தூக்கி நிறுத்தும் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் கட்டாயம். உடைந்த ஜல்லியையோ செங்கல் துண்டையோ முட்டுக் கொடுப்பதை அனுமதிக்காதீர்கள். செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டு சேர்க்கும். தூண் கம்பிகளின் வளைந்த கால்கள் அடிவலையின் மேல் உட்கார்ந்து கட்டப்பட்டிருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது தூண் கம்பி நகர்வது சகஜம் என்பதால், நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி நிறுத்தி, கொட்டி முடித்த கையோடு மையத்தை மறுபடி சரிபாருங்கள்.

மண்ணோடு தொடர்புள்ள ஃபுட்டிங்குக்கு எம் 25 என்ற பலத் தரக் கான்கிரீட் பொதுவாகப் பொருந்தும். சல்பேட் மிகுந்த இடத்தில் பொறியாளர் உயர்த்துவார். தளத்தில் கலந்தாலும் ரெடிமிக்ஸ் வாங்கினாலும் வண்டியில் தண்ணீர் கூட்டச் சொல்லும் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவதாக இருந்தால், கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; கொங்குப் பகுதியின் பல போர்த் தண்ணீர் இதில் தேறுவதில்லை. வைப்ரேட்டரை நேராக இறக்கி மெதுவாகத் தூக்க வேண்டும். அதைக் கொண்டு கான்கிரீட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் ஜல்லி ஓரிடமும் சிமெண்ட் பால் ஓரிடமுமாகப் பிரிந்துவிடும். ஒரு நாளில் 40 கன மீட்டர் போட்டால் நான்கு மாதிரிகளாவது எடுக்க வேண்டும். ஒரு மாதிரி என்பது மூன்று கனசதுரங்களின் சராசரி. ஏழாம் நாள் பலம் அறிய வேண்டுமென்றால் கூடுதலாக எடுங்கள். எரிசாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் பத்து நாள் சாக்கு போட்டு ஈரம் காக்க வேண்டும்.

மண் நிரப்புதலும் பிளிந்த் பீமும்

பள்ளத்திலிருந்து எடுத்த கரிசலையே திரும்பக் கொட்டி மூடுவதுதான் வழக்கம், செலவும் இல்லை. கடையின் தரை இரண்டாம் ஆண்டில் நடுவில் புடைத்து ஓடு பெயர்வதற்கு அதுவே முதற்காரணம். தரைக்கு அடியில் உள்ள கரிசலைக் குறைந்தது இரண்டு, மூன்று அடியாவது எடுத்துவிட்டு, வீங்காத செம்மண் கிராவலை நிரப்புங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரத்தோடு இயந்திரத் திமிசால் இறுக்க வேண்டும். தண்ணீரைக் கட்டிவிட்டால் மண் தானே இறங்கும் என்பது மணலுக்குப் பொருந்தும்; களி கலந்த மண்ணுக்குப் பொருந்தாது.

இறுக்கம் சரியா என்பதை ஆய்வகம் சொல்லும். சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள எஃகு உருளையை அடுக்கில் அடித்து எடுத்து, உலர் அடர்த்தியைக் கணக்கிடுவார்கள். கற்கள் மிகுந்த கிராவலில் உருளை இறங்காது என்பதால், அங்கே மணல் நிரப்பிப் பார்க்கும் முறையைக் கேளுங்கள். ஆய்வகத்தில் அதிகபட்ச உலர் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.9 கிராம் என்றும் தளத்தில் 1.8 என்றும் வந்தால் 94.7 சதவீதம், வழக்கமாகக் கேட்கப்படும் 95-க்கு ஒரு மயிரிழை குறைவு, இன்னும் இரண்டு முறை திமிசை ஓட்டினால் வந்துவிடும்.

கரிசலில் பைல் போட்ட கட்டடத்தில், தூண்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் உத்தரமான பிளிந்த் பீமின் அடிப்பக்கம் மண்ணைத் தொடக் கூடாது. குறைந்தது 80 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால்தான் மண் வீங்கும்போது பீமைத் தூக்காமல் இருக்கும். அந்த இடைவெளிக்குள் வெளிமண் சரியாதபடி ஓரத்தை மட்டும் அடைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர்ப் போக்கு. கட்டடத்தைச் சுற்றி வெளிப்பக்கம் சாய்வாக ஒரு மீட்டர் அகலக் கான்கிரீட் தளம் போட்டு, மாடியிலிருந்து இறங்கும் குழாய்களைத் தூணின் காலடியில் விடாமல் வடிகாலுக்குக் கொண்டு போங்கள். மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம் என்பதால் உறிஞ்சு குழி எப்படியும் வரும்; இடம் மிச்சமாகிறது என்று அதை மூலைத் தூணுக்கு அருகில் வைத்தால், ஆண்டுதோறும் அந்த ஒரு ஃபுட்டிங்கைச் சுற்றி மட்டும் கரிசல் ஊறி வீங்கும். மனையின் மறுகோடியில், நிலம் சாயும் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கி, வரைபடத்திலேயே குறித்து மேஸ்திரியின் கையில் கொடுத்துவிடுங்கள்.